பந்தி வாசலில் ஒரு பேனர்

அரியலூர்,
24.11.2024, ஞாயிறு.

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை பரிமளா எழுதுவது. அம்மா, உன் மாப்பிள்ளை, நான் மூவரும் இங்கே சுகமாக இருக்கிறோம். தோஹாவில் வெயில் தணிந்து, ராத்திரிக்குப் போர்வை தேடும் அளவுக்கு ஆகிவிட்டதாகப் போன வாரம் சொன்னாய். வேலை இடத்தில் காற்றில் நிற்கிறவன் நீ. காதை மூடிக்கொள்.

கடிதத்தைப் பார்த்ததும் பதறாதே. யாருக்கும் ஒன்றுமில்லை. உன் ரூமில் இருக்கும் லப்பைக்குடிக்காட்டு அபுதாஹிர் அண்ணன் லீவு முடிந்து புதன்கிழமை கிளம்புகிறார். பொடி வகையும் முறுக்கும் கொடுத்து அனுப்பலாம் என்று அம்மா கட்டி வைத்திருக்கிறார். அதோடு இதையும் வைத்துவிடுகிறேன். போனில் சொல்லலாம்தான். ஆனால் பழைய வீட்டை இடித்ததிலிருந்து அம்மா என்னோடு இருக்கிறார். நீ கூப்பிட்டால் போதும், எந்த வேலை இருந்தாலும் போட்டுவிட்டு வந்து என் தோளை ஒட்டி உட்கார்ந்துவிடுகிறார். வாய்ஸ் மெசேஜ் அனுப்பினால் நீ ரூமில் ஆறு பேருக்கும் கேட்கும்படி போட்டு வைப்பாய். சில விஷயங்களை நீ தனியாக உட்கார்ந்து படித்தால் தேவலை என்று தோன்றியது.

முதலில் வீட்டு நிலவரம். மாடிப்படிக்குக் கைப்பிடி வைத்தாகிவிட்டது. தரைக்கு டைல்ஸ் ஒட்டும் வேலை இன்னும் ஒரு அறை பாக்கி. சுவர் எழும்பிய நாளிலிருந்து காலையும் மாலையும் தண்ணீர் விட்டு நனைத்தது அம்மாதான், தெரியுமா? மழை பெய்த அன்றைக்குக்கூட உள் சுவர் நனையவில்லை என்று குடையோடு போய்த் தண்ணீர் விட்டார். ஒரு தடவை வந்து இறங்கிய மணலைக் கையில் அள்ளித் தேய்த்துப் பார்த்துவிட்டு, மண் கலந்திருக்கிறது, திருப்பி எடுத்துப் போ என்று லாரியையே அனுப்பிவிட்டார். கொத்தனார் அம்மாவை இன்ஜினியரம்மா என்றுதான் கூப்பிடுகிறார். கேலியாக ஆரம்பித்த பெயர். இப்போது ஜன்னல் எந்த உயரத்தில் வைக்கலாம் என்று நிஜமாகவே அவரிடம்தான் கேட்கிறார்கள்.

போன தடவை பேசும்போது, அந்தப் பேனர் கடையில் அப்படி என்னதான் செய்கிறாய், நாளெல்லாம் கம்ப்யூட்டரில் தலை வெட்டுகிறாயா என்று கேட்டுச் சிரித்தாய். சரியாகத்தான் சொன்னாய். பதினோரு வருஷமாக அதுதான் என் வேலை. போனில் அனுப்புகிற படத்திலிருந்து தலையையும் தோளையும் வெட்டியெடுத்து, பேனரில் ரோஜாப்பூவுக்கும் சாமிக்கும் நடுவில் வரிசையாக நிறுத்துகிறேன். ஆனால் அண்ணா, அந்த நாற்காலியில் உட்கார்ந்து நான் பார்க்கிற மனிதர்கள் இருக்கிறார்களே, அவர்களை எந்தப் பேனரிலும் வைத்துவிட முடியாது.

தினமும் ஏழே முக்கால் பஸ். சுண்ணாம்புக்கல் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து பெரம்பலூர் போய்ச் சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிடுகிறது. ஜன்னலோரம் இடம் கிடைத்தால் என் கையால் செய்த பேனர்களையே பார்த்துக்கொண்டு போவேன். காதுகுத்து, கடை திறப்பு, கண்ணீர் அஞ்சலி. ஒரு தாய்மாமனின் மீசை ஒரு பக்கம் கொஞ்சம் தூக்கியிருப்பது அந்தச் சாலையில் எனக்கு மட்டும்தான் தெரியும். கடையில் போய் உட்கார்ந்தால் நாள் போவதே தெரியாது. தலைமுடியைக் கறுப்பாக்கச் சொன்ன ஒருவர், எல்லாவற்றையும் முடித்த பிறகு, காதோரம் நாலு நரையை மட்டும் விட்டுவிடும்மா, இல்லாவிட்டால் ஊரில் நம்ப மாட்டார்கள் என்றார். குன்னத்துப் பக்கம் சின்ன வெங்காயம் வியாபாரம் செய்கிற ஒரு பெரியவர், மடியிலிருந்து ஒரு வெங்காயத்தை எடுத்துக் கம்ப்யூட்டர் திரைக்குப் பக்கத்தில் பிடித்து, இந்த நிறம் வர வேண்டும் என்றார். நாலு தடவை மாற்றினேன். நாலு தடவையும் எங்கே தப்பு என்று சரியாகச் சொன்னார். ஐந்தாவது தடவை, இதுதான் என்று வெங்காயத்தை என் மேஜையிலேயே வைத்துவிட்டுப் போனார். நிறத்தைப் பற்றிப் படித்தவள் நான். கண் அவருக்குத்தான் இருந்தது.

இப்போது சொல்லப்போவதுதான் இந்தக் கடிதத்துக்குக் காரணம்.

போன மாதம் அரியமுத்து என்று ஒருவர் வந்தார். குன்னத்துக்குப் பக்கத்துக் கிராமம். தம்பி மகளுக்குக் கல்யாணம், தம்பி உயிரோடு இல்லை, நான்தான் பெரியப்பா, எல்லாம் நான்தான் பார்க்கிறேன் என்றார். பன்னிரண்டு அடிக்கு எட்டு அடி பேனர். பெண், மாப்பிள்ளை படம் நடுவில். மேலே குலதெய்வம். இறந்துபோன தம்பி படம் ஒரு வட்டத்துக்குள். கீழே வரவேற்கிறவர்கள் என்று பதினான்கு பேர். பெரியப்பா, சித்தப்பா, மாமன், மச்சான், வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகள் வரைக்கும் படம் அனுப்பியிருந்தார். யார் தலை யார் தலையைவிடப் பெரிதாக இருக்கக் கூடாது என்பதைக்கூட எழுதி வைத்திருந்தார். எங்கள் ஓனர் வைத்திலிங்கம் சார் ஆர்டரை வாங்கி என்னிடம் கொடுத்தார். நானும் வெட்டி ஒட்ட ஆரம்பித்தேன்.

மறுநாள் பதினோரு மணி இருக்கும். ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா, செருப்பை வெளியே கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே வந்தார். பருத்திக் காட்டில் வேலை செய்து கறுத்த கை. நெற்றி வெறுமையாக இருந்தது. பெயர் கிருஷ்ணம்மாள். அந்தப் பெண்ணின் அம்மா. மகள் கல்யாண பேனர் இங்கேதான் தயாராகிறது என்று சொன்னார்கள், ஒரு தரம் பார்த்துக்கொள்ளட்டுமா என்று கேட்டார். பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காரச் சொன்னேன்.

திரையை ரொம்ப நேரம் பார்த்தார். ஒவ்வொரு முகமாக விரலால் தொடாமல் தொட்டு, இது யார், அது யார் என்று எனக்குச் சொன்னார். கணவரின் படத்துக்கு வந்தபோது, இது வாக்காளர் அட்டைக்கு எடுத்தது, அன்றைக்குக் காய்ச்சலோடு போனார், அதனால்தான் கண் இப்படி இருக்கிறது என்றார். கண்ணைக் கொஞ்சம் சரிசெய்து தரட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், அப்படித்தான் இருந்தார் என்றார். எல்லாரையும் பார்த்து முடித்த பிறகு கட்டைப்பைக்குள் கைவிட்டு, பிளாஸ்டிக் கவரில் சுற்றிய தன் ஆதார் அட்டையை எடுத்து என் மேஜையில் வைத்தார்.

“இதுல இருக்குற படத்த, ஒரு ஓரமா வெக்க முடியுமாம்மா? பெருசால்லாம் வேணாம்.”

எனக்கு அப்போதுதான் உறைத்தது, அண்ணா. பதினான்கு பேரையும் வரிசைப்படுத்திய எனக்கு, பெற்றவள் அதில் இல்லை என்பது முந்தின நாள் முழுக்கத் தோன்றவே இல்லை.

ஆதார் படம் உனக்குத் தெரியுமே, அதில் யாரும் அவரவர் மாதிரி இருப்பதில்லை. உள்ளே பாஸ்போர்ட் போட்டோ எடுக்கிற அறைக்குக் கூட்டிப் போனேன். இதுவரை தனியாக ஒரு படம் எடுத்ததில்லை என்றார். கையை எங்கே வைத்துக்கொள்வது, சிரிக்க வேண்டுமா என்று கேட்டார். உங்களுக்கு எப்படி வருகிறதோ அப்படி இருங்கள் என்றேன். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, நிமிர்ந்து, தூரத்து வரப்பிலிருந்து யாரோ கூப்பிட, யாரென்று பார்க்கிற மாதிரி பார்த்தார். ஒரே படம்தான் எடுத்தேன். இரண்டாவது தேவைப்படவில்லை. அத்தனை நன்றாக வந்திருந்தது. கொண்டுவந்து பெண்ணுக்குப் பக்கத்திலேயே வைத்தேன். அவர் நாற்காலியை இழுத்துப்போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆனால் ஆர்டர் கொடுத்தவரைக் கேட்காமல் எதையும் மாற்றக் கூடாது என்பது எங்கள் கடை வழக்கம். சார் அரியமுத்துவுக்குப் போன் போட்டார். கையில் வேலை இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டுவிட்டார். அது தப்பாகிவிட்டது. நல்ல காரியத்துக்கு வாசலில் நிற்கிற பேனர் சார், அதில் அது சரிப்படாது, அவங்களைக் கேட்டாலும் வேண்டாம் என்றுதான் சொல்வார்கள் என்றார் அவர். அவர் குரலில் கோபமோ ஏளனமோ இல்லை. மழை வந்தால் நனையும் என்று சொல்வது போலச் சொன்னார். அந்த அம்மா அங்கேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். சார் போனை அணைத்துவிட்டுத் தரையைப் பார்த்தார். நானும் கீபோர்டைப் பார்த்தேன்.

அழுவார், இல்லையென்றால் எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன். அவர் எங்களைத் தேற்றுகிற மாதிரிப் பேசினார்.

“அவரு நல்லவருதாம்மா. ஒம்போது வருசமா ஒரு நல்லது கெட்டதுன்னா அவருதான் முன்ன நிப்பாரு. மாப்ள பாத்ததும் அவருதான். அதுக்குன்னு நான் இல்லாம போயிருவனா?”

ஆதார் அட்டையை எடுத்துக் கட்டைப்பைக்குள் வைத்தார். பிறகு, அவர் பேனரில் கை வைக்க வேண்டாம், அது அப்படியே இருக்கட்டும், எனக்கென்று தனியாக ஒன்று அடித்துத் தருவீர்களா என்று கேட்டார். எங்கே கட்டுவீர்கள் என்று சார் கேட்டார். சாப்பாட்டுக் கூடத்து வாசலில் என்றார்.

என்ன எழுத வேண்டும் என்று கேட்டேன். எங்களிடம் எழுதி வைத்த வாசகங்கள் ஐம்பது, அறுபது இருக்கின்றன. படித்துக் காட்டினேன். ஒன்றும் பிடிக்கவில்லை. வெளியே போய் வேப்பமரத்தடியில் நின்றுவிட்டுத் திரும்பி வந்து, எழுதிக்கொள் என்றார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

“எம் பொண்ணு கல்யாணத்துக்கு வந்திருக்கீங்க. ரொம்ப சந்தோசம். அவசரப்படாம உக்காந்து, வயிறாரச் சாப்பிட்டுட்டுப் போங்க. பொண்ணோட அம்மா, கிருஷ்ணம்மாள்.”

இதை நல்ல தமிழில் மாற்றித் தரட்டுமா என்று நான் கேட்டேன், பார். வெட்கமாக இருக்கிறது. நான் அப்படிப் பேச மாட்டேனேம்மா என்றார் அவர்.

அப்படியே வைத்தேன். சாமி இல்லை, ரோஜாப்பூ இல்லை, தங்கக் கரை இல்லை. வெள்ளைப் பின்னணி, அரக்கு நிறத்தில் எழுத்து, ஓரத்தில் அவர் முகம். அவ்வளவுதான். இத்தனை வருஷத்தில் நான் செய்ததிலேயே இதுதான் நல்ல வேலை என்று எழுத்தை வைத்து முடித்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. சார் பின்னால் வந்து நின்று ஒரு திருத்தமும் சொல்லவில்லை. எப்போதும் எழுத்துப் பெரிதாக வேண்டும், கலர் தூக்கலாக வேண்டும் என்று கத்துகிறவர் அவர். மெஷின் ஓட்டுகிற பையனிடம் போய், இதை மங்காத நல்ல துணியில் அடி என்று மட்டும் சொன்னார்.

சுருட்டிக் கொடுத்ததை வாங்கிக்கொண்டு, நீயும் கல்யாணத்துக்கு வர வேண்டும் என்று என் கையைப் பிடித்துச் சொன்னார். பஸ் ஏற்றிவிடக் கூடவே போனேன். கண்டக்டர் அது என்ன, பாயா என்று கேட்டார். “பேனரு தம்பி. நான் இருக்கேன் அதுல” என்று சொல்லிவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்து மடிமேல் குறுக்கே வைத்துக்கொண்டார். டவுனில் எத்தனையோ பேர் நிமிர்ந்து நடப்பதைப் பார்க்கிறோம். ஒருவர் நிமிர்ந்து உட்கார்ந்து போவதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

கல்யாணத்துக்குப் போனேன். முதல் பஸ் பிடித்து, பெரம்பலூரில் மாறி, மண்டபத்துக்குப் போய்ச் சேரும்போது ஏழரை. முகூர்த்தம் ஒன்பதுக்கு மேல். வாசலில் பதினான்கு பேரும் நான் வைத்த வரிசையிலேயே நின்று வரவேற்றார்கள். உள்ளே தாண்டிப் போனால் பந்தி வாசலில், தன் பேனரில் கிருஷ்ணம்மாள் அக்கா. அன்றைக்கிலிருந்து அக்கா என்றுதான் கூப்பிடுகிறேன். சமையல்காரர்களைக் கூட்டி அவரே கட்டியிருக்கிறார். ஒரு பக்கம் கயிறு தளர்ந்து தொங்கிக்கொண்டிருந்தது.

அதற்கு முன்னால் அரியமுத்து நின்றுகொண்டிருந்தார். பட்டு வேட்டி, தோளில் துண்டு. கூட இரண்டு பேர். அப்போதுதான் பார்த்திருக்கிறார் போல. இதை யார் கட்டச் சொன்னது, அவிழ்த்துவிடுங்கள் என்று கூட இருந்தவர்களிடம் சொன்னார். ஒருவர் கயிற்றில் கை வைத்தார். உள்ளே இட்லித் தட்டோடு உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்க்கிறார்கள். நான் இரண்டு எட்டு முன்னே போனேன். செய்து கொடுத்தது நான் அல்லவா.

அக்கா கையில் சாம்பார் வாளியோடு உள்ளேயிருந்து வந்தார். வாளியைக் கீழே வைத்தார். குரல் உயரவே இல்லை.

“மாமா, முன் வாசல்ல நீங்க நிக்கிறீங்க. நிக்க வேண்டியவருதான், நான் ஒண்ணும் சொல்லல. சோத்துக்கு வர்றவங்கள வாங்கன்னு சொல்றதுக்குக்கூட, பெத்தவளுக்குப் பாத்தியத இல்லியா?”

அரியமுத்து திரும்பினார். பேனரையே பார்த்தார். படித்தார் என்று நினைக்கிறேன். அதுவரை முகத்தைத்தான் பார்த்திருக்கிறார், எழுத்தைப் படித்திருக்கவில்லை. கயிற்றில் கை வைத்தவர் அவிழ்ப்பதா வேண்டாமா என்று நின்றார். பிறகு அரியமுத்து துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, அந்த ஆளைப் பார்த்து, “ஒரு பக்கம் தொங்குது பாரு. நல்லா இழுத்துக் கட்டு” என்றார். சொல்லிவிட்டு, அக்காவின் முகத்தைப் பார்க்காமல், மேளக்காரர்களைத் தேடிக்கொண்டு போய்விட்டார்.

அண்ணா, அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. நான் தப்பு செய்துவிட்டேன் என்று சொல்லவில்லை. ஆனால் அந்த ஒரு வார்த்தை சொல்ல அவர் எவ்வளவு தூரம் நடந்து வந்திருப்பார் என்று யோசித்துப் பார். ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கிற இடத்தில், பட்டு வேட்டி கட்டிக்கொண்டு, ஐந்து நிமிஷம் முன்னால் சொன்னதை மாற்றிச் சொல்வது லேசா? அக்காவை எவ்வளவு மதிக்கிறேனோ, அவரையும் அன்றையிலிருந்து மதிக்கிறேன்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் இன்னும் அழகு. மாப்பிள்ளையின் அம்மா ராசாத்தி என்பவர் சாப்பிட வந்தார். வாசலில் நின்று எழுத்துக்கூட்டி உரக்கப் படித்தார். உள்ளே வாளியோடு நின்ற அக்காவைப் பார்த்து, எங்களைச் சாப்பிடச் சொல்லிவிட்டு நீங்கள் நிற்கிறீர்களே சம்பந்தி என்று கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். சாப்பிட்ட பிறகும் அந்தக் கையை விடவில்லை. அப்படியே மேடைக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். மணவறையில் பெண் பூவிழி, தன் அம்மா வருவதைப் பார்த்ததும் பாதி எழுந்துவிட்டது. தாலி கட்டும்போது அக்கா மணவறையை ஒட்டி நின்று அட்சதை போட்டார். தாலித் தட்டை அவர் தொடவில்லை. அதைத் தொட அவரும் நினைக்கவில்லை, யாரும் கொடுக்கவும் இல்லை. எல்லாமே ஒரே நாளில் மாறிவிடாது. ஆனால் மகள் கழுத்தில் தாலி ஏறுவதை அவர் கண்ணால் பார்த்தார். நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கெட்டிமேளம் கொட்டியதும் எனக்கு என் கல்யாணம் ஞாபகம் வந்துவிட்டது. உனக்கு நினைவிருக்கிறதா? சித்தப்பாவும் சித்தியும் தாரை வார்த்துக் கொடுத்தார்கள். நீ எனக்குப் பின்னால் நின்றாய். அம்மா எங்கே இருந்தார்? சாமான் அறையில் தாம்பூலப் பையில் தேங்காய் போட்டுக்கொண்டிருந்தார். நான் திரும்பிப் பார்க்கவில்லை. அம்மா எங்கே என்று கேட்கவும் இல்லை. கேட்டிருந்தால் வந்திருப்பார். யாரும் தடுத்திருக்க மாட்டார்கள் என்றுகூட இப்போது தோன்றுகிறது. மணப்பெண் கேட்டால் யார் மறுப்பார்கள்? ஏழு வருஷமாகிவிட்டது. அந்த நாளைப் பற்றி அம்மாவிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை.

அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். தாலி கட்டும்போது நீ எங்கேம்மா இருந்தாய் என்றேன். அதெல்லாம் எதுக்கு இப்ப, நீ நல்லாருக்கியே அது போதாதா என்றார். நான் நகரவில்லை. அம்மா கீரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்.

“மேளச் சத்தம் கேட்டுச்சு. கையில இருந்த பைய கீழ வெச்சிட்டு, நெஞ்சுல கைய வெச்சிக்கிட்டேன். அவ்வளவுதான்.”

பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்தேன்.

வருகிற தை மாதம் கிரகப்பிரவேசத்துக்கு நீ வருகிறாய். பதினாறு வருஷமாகப் பாலைவனத்தில் நின்று நீ கட்டிய வீடு. அப்பா போனபோது நீ பன்னிரண்டாம் வகுப்பு. மேலே படிக்க ஆசை இருந்தும் ஒரு வார்த்தை சொல்லாமல் பாஸ்போர்ட் எடுத்தாய். என்னைப் படம் வரையப் படிக்க வைத்தாய். பெண்பிள்ளை படம் வரைந்து என்ன செய்யும் என்று கேட்டவர்களிடம், அது அவள் இஷ்டம் என்று அங்கிருந்தே போனில் சொன்னவன் நீ. நீ அன்றைக்கு அப்படிச் சொல்லாமல் இருந்திருந்தால் நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்க மாட்டேன். இதை உன்னிடம் நேரில் ஒருநாளும் சொன்னதில்லை. சொன்னால் நீ பேச்சை மாற்றுவாய்.

கிரகப்பிரவேச பேனருக்கு நீ அனுப்பிய படங்களும் பெயர்களும் போன புதன்கிழமை வந்தன. சித்தப்பா, மாமா, அண்ணியின் அண்ணன்மார்கள், உன் கூட்டாளிகள், உன் மாப்பிள்ளை. ஒன்பது பேர். அம்மா படம் அதில் இல்லை. அண்ணா, நீ வேண்டுமென்று விட்டாய் என்று நான் ஒரு நிமிஷமும் நினைக்கவில்லை. எங்கள் கடைக்கு வருகிற எல்லாப் பட்டியலும் அப்படித்தான் வருகிறது. பதினோரு வருஷமாக நானும் அப்படியே செய்து அனுப்பியிருக்கிறேன். நீ மறந்ததற்கு முன்னால் நான் மறந்தேன்.

உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். சொல்லக் கூடாது என்பது அம்மாவின் உத்தரவு. கிரகப்பிரவேசத்தன்று பால் குடம் எடுத்துக்கொண்டு உங்களோடு முன்னால் நடக்க அம்மா சித்தியை ஏற்பாடு செய்துவிட்டார். குத்துவிளக்கு ஏற்றுவதற்கும் சித்திதான். தான் பின்பக்கம் சமையல் பந்தலில் இருந்துகொள்வதாகச் சொல்கிறார். அங்கே ஆள் வேண்டுமாம். எந்தச் செங்கல் எந்தப் பக்கம் இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்கிறவர், அந்த வீட்டுக்குள் எல்லாரும் போன பிறகு பின்வாசல் வழியாகப் போகப் போகிறார். நான் சண்டை போட்டுப் பார்த்துவிட்டேன். நீ சும்மா இரு, அவன் ரொம்ப நாள் கழித்து வருகிறான், ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் நல்லபடியாக நடக்கட்டும் என்கிறார்.

பேனரில் அம்மா படத்தை வைப்பது எனக்கு ஒரு நிமிஷ வேலை. நீ சரி என்று சொல்ல வேண்டியதுகூட இல்லை, வைத்துவிடுவேன். அதற்காக இவ்வளவு நீளமாக எழுதவில்லை. வீட்டு நடை ஏறும்போது நீ அம்மாவைக் கூப்பிட வேண்டும். நான் கூப்பிட்டால் வர மாட்டார். உன் மாப்பிள்ளை கூப்பிட்டால் கும்பிட்டுவிட்டு உள்ளே போய்விடுவார். சித்தப்பா ஏதாவது சொன்னால் நீ கோபப்பட வேண்டாம். அவருக்கும் கொஞ்சம் நேரம் கொடு. அவரும் நமக்காக ஓடியவர்தான். ஆனால் அம்மா வராமல் நடை ஏறிவிடாதே.

அண்ணியிடம் நான் பேசினேன். பாடாலூர் அம்மா வீட்டிலிருந்து குழந்தையோடு பொங்கலுக்கே வந்துவிடுவதாகச் சொன்னார். இந்த விஷயத்தையும் சொன்னேன். அத்தை இல்லாமல் நான் மட்டும் எப்படி உள்ளே போவேன் என்று அவரே கேட்டார். அதனால் அந்தப் பக்கம் உனக்குக் கவலை இல்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். அபுதாஹிர் அண்ணனுக்கும் முறுக்கில் பங்கு கொடு, முழுவதையும் நீயே ஒளித்து வைத்துக்கொள்ளாதே. நீ நல்லபடியாக வந்து சேர வேண்டும் என்று எல்லா சாமியையும் வேண்டிக்கொள்கிறேன். எனக்குப் புடவையோ, சென்ட்டோ, எதுவும் வாங்கி வராதே. என் கல்யாணத்தில் நான் திரும்பிப் பார்க்கவில்லை, அண்ணா. நீயாவது திரும்பிப் பார். அம்மா எங்கே என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி ஒரு தரம் கேள். நீ கூப்பிட்டால் அம்மா வந்துவிடுவார்.

உன் பாசமுள்ள தங்கை,
பரிமளா